எது ஒட்டிப் பிடித்திருக்கிறது? சுற்றுச்சூழலுக்கு உகந்த கவுண்டர் டாப்பைத் தேர்ந்தெடுக்க ஒரு முழுமையான வழிகாட்டி

கடையில் உள்ளங்கை அளவு மாதிரித் துண்டு ஒன்றைக் கையில் கொடுப்பார்கள். நாமும் அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து, அலமாரியின் நிறத்துக்கு ஒத்துவருமா என்று யோசிப்போம். பின்பக்கத்தில் பச்சை இலை படம் போட்ட ஸ்டிக்கர் இருந்தால் மனம் இன்னும் கொஞ்சம் லேசாகும். அந்தத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு கேட்க வேண்டிய கேள்வி வேறு: இதை எது ஒட்டிப் பிடித்திருக்கிறது?

கேள்வி விசித்திரமாகத் தோன்றலாம். ஆனால் கவுண்டர் டாப், அதாவது மேடையின் மேல்பலகை, என்று விற்கப்படுவதில் பாதிக்கு மேல் தூளையோ சில்லையோ கீற்றையோ எதையாவது கொண்டு ஒட்டிச் செய்தவைதான். கல் தூளை ரெசின் எனப்படும் பிளாஸ்டிக் பிசின் பிடித்திருக்கும், கண்ணாடிச் சில்லை சிமெண்ட் பிடித்திருக்கும், காகிதத்தைப் பீனாலிக் பிசின் பிடித்திருக்கும், மூங்கில் கீற்றைப் பசை பிடித்திருக்கும். சூடு தாங்குமா, கீறினால் தேய்த்து எடுக்கலாமா, அறையின் காற்றில் என்ன கலக்கும், கழற்றிய பிறகு எங்கே போகும் என்பதற்கெல்லாம் விடை பெரும்பாலும் அந்தப் பசையில்தான் இருக்கிறது. இதோடு சேர்த்துக் கேட்க வேண்டியது இன்னொன்று உண்டு: இதை அறுப்பவர் எந்தத் தூசியைச் சுவாசிக்கிறார்? இந்த இரண்டு கேள்விகளையும் விடாமல் பிடித்துக்கொண்டு படிப்படியாகப் போவோம்.

படி 1: பழையதைக் கழற்றும் முன்

புதிய மேடை எவ்வளவு பசுமையானதாக இருந்தாலும், நன்றாக இருக்கும் பழைய மேடையைக் கழற்றாமல் விடுவதை அதனால் வெல்ல முடியாது. வெட்ட வேண்டியது இல்லை, ஏற்றி இறக்க வேண்டியது இல்லை, குப்பையும் இல்லை.

கிரானைட்டும் மார்பிளும் மங்கிப்போனால் பெரும்பாலும் போயிருப்பது மேல் பாலீஷ் மட்டும்தான். கல்லை எடுக்காமலே வைர பேடுகளால் தேய்த்து மீட்கலாம். பளபளப்பு அலுத்துவிட்டது என்றால் அதையே தேய்த்து மேட் ஃபினிஷுக்கு மாற்றலாம். பார்க்க வேறு கல் போலவே ஆகிவிடும். நிறம்தான் பிடிக்கவில்லை என்றால் கீழே இருக்கும் அலமாரிக் கதவுகளுக்குப் பெயிண்ட் அடித்துப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். கல்லின் மேல் இருந்த கோபம் பல சமயம் கதவின் மேல் இருந்த கோபமாக இருக்கும்.

அமைப்பையே மாற்றுகிறீர்கள் என்றால் நீளக் கல்லை அறுத்துக் குட்டை மேடையாக்கலாம், குளியலறை வாஷ்பேசினுக்கோ ஜன்னல் திட்டுக்கோ பயன்படுத்தலாம். அடியில் இருக்கும், மரத்தூளை ஒட்டிச் செய்த பார்ட்டிகிள் போர்டு தண்ணீரில் ஊறி உப்பிவிட்டது என்றால் மட்டும் அதைக் காப்பாற்ற நினைக்காதீர்கள், வழி இல்லை.

பழைய கல்லின் மேல் எபாக்ஸி என்ற ரெசினை ஊற்றிப் புதிதாக்கும் முறையை நான் சிபாரிசு செய்வதில்லை. நூறு ஆண்டு இருக்கக்கூடிய கல்லின் மேல் சூட்டுக்கும் கத்திக்கும் தாங்காத ஒரு பிளாஸ்டிக் தோலைப் போர்த்துகிறோம். அந்தத் தோல் உரியும்போது பலரும் கல்லையும் சேர்த்தே தூக்கிப் போட்டுவிடுகிறார்கள்.

படி 2: மேடைக்கு என்ன வேலை?

சமையலறை முழுக்க ஒரே பொருள்தான் ஓட வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. அடுப்புப் பக்கம் சூட்டைத் தாங்க வேண்டும். சிங்க் பக்கம் நாள் முழுக்க ஈரம். நறுக்கும், பிசையும் இடத்தில் பெரும்பாலும் காய்ந்த வேலை. மூன்றுக்கும் பொருந்தும் ஒரே பொருளைத் தேடும்போதுதான் விலையும் ரசாயனமும் ஏறுகின்றன. அடுப்பருகே கல், சிங்கைச் சுற்றி ஸ்டீல், நறுக்கும் இடத்தில் மரம் என்று பிரித்தால் ஒவ்வொன்றும் தனக்குத் தெரிந்த வேலையை மட்டும் செய்யும். ஒன்று கெட்டால் அதை மட்டும் மாற்றலாம்.

வணிக இடங்களில் இன்னும் சில கேள்விகள் சேரும். உணவகத்தின் உள் சமையலறையா, வாடிக்கையாளர் கை வைக்கும் பார் கவுண்டரா, மருத்துவமனையின் மருந்து மேடையா, அலுவலக வரவேற்பறையா? உள் சமையலறைக்கு இடுக்கில்லாத, தண்ணீர் உறிஞ்சாத பரப்பு வேண்டும். உணவுப் பாதுகாப்பு விதிகள் கேட்பதும் அதைத்தான். வரவேற்பறை மேடையில் கோப்பை வைப்பார்கள், பை வைப்பார்கள், அவ்வளவுதான். அதற்குப் போய் அடுப்புச் சூடு தாங்கும் பொருளைத் தேடுவது வீண்.

படி 3: எத்தனை ஆண்டு இருக்கப் போகிறது?

ஒரு பொருளால் வரும் மொத்தச் சுமையை அது உழைக்கும் ஆண்டுகளால் வகுத்துப் பார்க்க வேண்டும். பத்து ஆண்டில் மாற்ற வேண்டிய 'பசுமைப் பலகை', ஐம்பது ஆண்டு உழைக்கும் சாதாரணக் கல்லிடம் தோற்கும். வீட்டுக்கு இந்தக் கணக்கு நேரடியானது: நீடித்து உழைப்பதும் தேய்த்துப் புதுப்பிக்கக்கூடியதும்தான் முன்னால் நிற்கும்.

கடைக்கு இதே கணக்கு தலைகீழாகும். வாடகை ஒப்பந்தம் முடிந்தால் இடம் காலி, பிராண்டின் தோற்றம் மாறினால் உள் அலங்காரம் மொத்தமும் காலி. ஐந்தாறு ஆண்டில் இடிக்கப்போகும் இடத்தில் நூற்றாண்டுக் கல்லை சிமெண்டால் ஒட்டி வைத்தால் அந்தக் கல்லின் ஆயுள் யாருக்கும் பயன்படாது. அங்கே பொருளின் ஆயுளைவிட, கழற்றி எடுத்துப்போய் வேறிடத்தில் பொருத்த முடியுமா என்பதுதான் முதலில். திருகாணியில் நிற்கும் ஸ்டீல் மேசைகள், துண்டு துண்டாகக் கழற்றக்கூடிய கம்பாக்ட் லேமினேட் (காகிதத்தையும் பிசினையும் தடிமனாக அழுத்திய பலகை), நிலையான அளவில் வெட்டி வைத்த கல் பலகைகள் ஆகியவை அப்படிப்பட்ட இடங்களுக்குச் சரியாக வரும். கடை உள் அலங்காரம் செய்பவர்கள் இந்தப் பேச்சை வாடிக்கையாளரிடம் முதல் கூட்டத்திலேயே எடுத்துவிடுவது நல்லது. பிறகு எடுத்தால் யாரும் கேட்பதில்லை.

படி 4: பொருள்களை அவற்றின் பசையால் பிரித்துப் பாருங்கள்

பசை இல்லாதவை

இயற்கைக் கல்லை மண்ணே ஒட்டி வைத்திருக்கிறது. அறுத்து, பாலீஷ் போட்டால் போதும், சூளை தேவையில்லை. அதனால் ஒரு சதுர மீட்டர் கிரானைட்டைச் செய்ய ஆகும் ஆற்றல் செயற்கைப் பலகைகள் பலவற்றைவிடக் குறைவு. ஆனால் எடை இருக்கிறது. 20 மி.மீ. கிரானைட் சதுர மீட்டருக்குச் சுமார் 54 கிலோ. மூன்று மீட்டர் நீளம், 65 செ.மீ. அகலம் என்றால் 105 கிலோ, அதுவே 30 மி.மீ. தடிமனில் 158 கிலோ. வெட்டிய குவாரியிலிருந்து பாலீஷ் போடும் ஊருக்கும், அங்கிருந்து உங்களுக்கும் அந்த எடை எப்படிப் பயணம் செய்தது என்று கேளுங்கள். ஒரே தூரத்துக்கு லாரியைவிடக் கப்பல் பல மடங்கு குறைவாகவே கரியமில வாயு விடுகிறது. எனவே 'வெளிநாட்டுக் கல்' என்ற ஒரே காரணத்துக்காக ஒதுக்குவதும் சரியல்ல, 'உள்நாட்டுக் கல்' என்று கண்ணை மூடிக்கொண்டு வாங்குவதும் சரியல்ல. அருகிலிருக்கும் குவாரியின் கல் பாலீஷுக்காக வேறொரு கண்டம் போய்த் திரும்பும் கதையும் உண்டு.

கல்லின் குணம் கனிமத்தைப் பொறுத்தது. கிரானைட் கடினம், அமிலத்துக்கு அசையாது. மார்பிள் கால்சியம் கார்பனேட். எலுமிச்சைச் சாறு பட்ட இடம் மங்கிவிடும். சீலர் எனப்படும், நுண்துளைகளை அடைக்கும் பூச்சை அடித்தாலும் மங்கும், ஏனென்றால் சீலர் கறையைத்தான் தடுக்கும், அமிலம் கல்லைத் தின்பதைத் தடுக்காது. அந்த மங்கலைச் சகித்துக்கொள்ள முடியாதவர்கள் சமையலறைக்கு மார்பிள் வாங்கவே வேண்டாம். சோப்ஸ்டோன் எனப்படும் மாக்கல் மென்மையானது, நகத்தால்கூடச் சில வகைகள் கீறும். ஆனால் அமிலமும் சூடும் அதை ஒன்றும் செய்யாது. பழைய ரசாயன ஆய்வுக்கூட மேசைகளில் அதைப் போட்டதற்கு அதுதான் காரணம். கீறலை உப்புத்தாளால் நீங்களே தேய்த்துவிடலாம்.

கல் என்றால் பசையே இல்லை என்று முழுக்க நம்பிவிடவும் வேண்டாம். விரிசல் உள்ள பலகைகளின் மேல் எபாக்ஸி பூசி, பின்பக்கம் கண்ணாடியிழை வலை ஒட்டித்தான் அனுப்புகிறார்கள். உள்ளே பயன்படுத்த அது பெரிய குற்றமில்லை. வெயில் படும் வெளி மேடைக்கு என்றால் அந்த எபாக்ஸி மஞ்சளாகும், கேட்டு வாங்குங்கள்.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்கும் பசை இல்லை. 304 ரகத்தில் சுமார் 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் இருக்கும். 316 ரகத்தில் மாலிப்டினமும் சேர்வதால் உப்பை இன்னும் நன்றாகத் தாங்கும். கடலோரத்துக்கும் உப்புநீர் புழங்கும் இடத்துக்கும் அதுதான். புதிதாகச் செய்யும்போது ஆற்றல் அதிகம் ஆகிறது, உண்மைதான். ஆனால் 1.5 மி.மீ. தகடு சதுர மீட்டருக்கு 12 கிலோதான் வரும். எத்தனை முறை உருக்கினாலும் தரம் குறையாது, கழிவாகப் போட்டாலும் விலை கொடுத்து வாங்க ஆள் இருக்கும். மறுசுழற்சி என்பது காகிதத்தில் மட்டும் இல்லாமல் நிஜமாகவே நடக்கும் ஒரே கவுண்டர் டாப் என்று இதைச் சொல்லலாம். கீறல் விழும். முதல் மாதம் ஒவ்வொரு கீறலும் கண்ணில் குத்தும், ஆறாவது மாதம் எல்லாம் சேர்ந்து ஒரே மேட் பரப்பாகிவிடும். ஒன்று மட்டும் கவனியுங்கள்: பாத்திரம் வைத்தால் ஓசை வராமலிருக்க அடியில் பலகை ஒட்டுவார்கள். அது மர இழையை அழுத்திச் செய்த எம்.டி.எஃப். ஆக இருந்தால் ஓரத்தில் ஈரம் ஏறாதபடி முழுவதும் மூடச் சொல்லுங்கள். வணிகச் சமையலறையில் மூட்டுகளை வெல்டு செய்து தேய்க்க வேண்டும், சுவரோடு சேரும் மூலை வளைவாக இருக்க வேண்டும்; சதுர மூலையில் அழுக்கு நிற்கும்.

சின்டர்டு ஸ்டோன், போர்சலின் ஸ்லாப் என்பவை களிமண், தாதுத் தூள் ஆகியவற்றை அழுத்தி, சுமார் 1200 டிகிரி செல்சியஸில் சுட்டுச் செய்தவை. ரெசின் இல்லாததால் சூடு, வெயில், கறை எதுவும் பெரிதாகப் பாதிக்காது. 12 மி.மீ. தடிமன் போதும் என்பதால் சதுர மீட்டருக்கு 30 கிலோவுக்குள் முடியும். சூளைக்கு எரித்த எரிபொருள்தான் இதன் கடன். இதன் பலவீனம் விளிம்பு: கனமான பாத்திரம் மோதினால் சில்லு தெறிக்கும். பல வகைகளில் வடிவம் மேல்பரப்பில் மட்டும் அச்சிடப்பட்டிருப்பதால் தேய்த்துச் சரிசெய்யவும் முடியாது. வாங்கினால் விளிம்பைக் கூராக விடாமல் சற்று உருட்டி வாங்குங்கள்.

சிமெண்ட் பிடித்திருப்பவை

கான்கிரீட் மேடை 'இயற்கையானது' போலத் தோன்றும். ஆனால் உலகின் மொத்த கார்பன் டை ஆக்சைடு வெளியீட்டில் 7 முதல் 8 சதவீதம் சிமெண்டிலிருந்துதான் வருகிறது. சூளையின் எரிபொருளை மாற்றினாலும் இது முழுக்கத் தீராது. சுண்ணாம்புக்கல்லைச் சுடும்போது அந்தக் கல்லே வாயுவை விடுகிறது. 40 மி.மீ. கான்கிரீட் சதுர மீட்டருக்கு 96 கிலோ. சிமெண்டில் ஒரு பகுதிக்குப் பதில் இரும்பாலைக் கசடையோ அனல் மின் நிலையச் சாம்பலையோ கலக்கச் சொல்லலாம். கண்ணாடியிழை சேர்த்தால் தடிமனைப் பாதியாக்கலாம். இவை இரண்டையும் செய்யாத கான்கிரீட் மேடையைச் சுற்றுச்சூழல் பேரில் விற்பவர்களிடம் காரணத்தைக் கேளுங்கள்.

மறுசுழற்சிக் கண்ணாடி மேடைகளில் எடையில் பெரும்பங்கு உடைத்த கண்ணாடியாகவே இருக்கலாம். பிடித்திருப்பது சிமெண்டா ரெசினா என்பதைக் கேட்காமல் வாங்கக் கூடாது. சிமெண்ட் என்றால் சூடு தாங்கும், ஆனால் அமிலம் தாங்காது, சீலர் வேண்டும். ரெசின் என்றால் கறை தாங்கும், சூடு தாங்காது. ஒரே தோற்றம், ஒரே விளம்பரம், எதிரெதிர் குணம். மார்பிள் சில்லுகளால் ஆன டெராசோவுக்கும் இதே விதிதான்: பழைய பாணி சிமெண்டில், புதிய பாணி பெரும்பாலும் எபாக்ஸியில்.

ரெசின் பிடித்திருப்பவை

குவார்ட்ஸ் கல் தூளை ரெசினில் கலந்து அழுத்திச் செய்யும் குவார்ட்ஸ் மேடையில் எடைப்படி 90 சதவீதத்துக்கு மேல் கல் என்று சொல்வார்கள். பொய்யில்லை. ஆனால் ரெசின் கல்லைவிட மிகவும் லேசானது. எடையில் 8 சதவீதம் ரெசின் என்றால் கன அளவில் அது ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு வரும். சுடச்சுட வாணலியை இறக்கி வைத்தால் தழும்பு விழுவதும், வெயிலில் நிறம் மாறுவதும், விழுந்த தழும்பை வீட்டிலேயே பாலீஷ் போட்டு எடுக்க முடியாததும் அந்த ஆறில் ஒரு பங்கால்தான்.

இதைவிடப் பெரிய விஷயம் தூசி. மார்பிளில் படிக சிலிக்கா, அதாவது குவார்ட்ஸ் கனிமம், மிகக் குறைவு. கிரானைட்டில் வகையைப் பொறுத்து 25 முதல் 45 சதவீதம் வரை இருக்கும். குவார்ட்ஸ் ஸ்லாபில் 90 சதவீதத்தைத் தாண்டும். உலர்ந்த நிலையில் அறுக்கும்போது எழும் நுண்தூசி நுரையீரலின் ஆழத்தில் தங்கி சிலிக்கோசிஸ் நோயை உண்டாக்கும். அதற்கு மருந்து கிடையாது. இளம் வயதுத் தொழிலாளர்களுக்கே அது வரத் தொடங்கியதால், ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் இந்தச் செயற்கைக் கல்லைத் தயாரிக்கவும் விற்கவும் அறுக்கவும் பொருத்தவும் தடை போட்டது. உலகில் அப்படித் தடை செய்த முதல் நாடு அது. ரெசின் இல்லாத சின்டர்டு ஸ்டோனும் போர்சலினும் அந்தத் தடைக்குள் வரவில்லை. பொருத்தி முடித்த மேடையால் வீட்டில் இருப்பவருக்கு ஆபத்து இல்லை. ஆபத்து முழுவதும் பட்டறைக்காரருடையது. அதனால்தான் அது நம் கண்ணில் படுவதில்லை. இப்போது சிலிக்கா குறைந்த, கண்ணாடித் தூள் கலந்த வகைகளும் வருகின்றன. அப்படி என்றால் எத்தனை சதவீதம் என்று எழுத்தில் கேளுங்கள்.

எந்தக் கல்லாக இருந்தாலும் பட்டறைக்கு ஒருமுறை நேரில் போய் வாருங்கள். தண்ணீர் ஊற்றி அறுக்கிறார்களா, தூசி உறிஞ்சும் கருவி இருக்கிறதா, வாயில் துணி கட்டியிருக்கிறார்களா அல்லது முறையான சுவாசக் கவசம் இருக்கிறதா என்று பார்க்க ஐந்து நிமிடம் போதும். அமெரிக்கத் தொழிலகப் பாதுகாப்பு விதியின்படி எட்டு மணி நேர வேலையில் காற்றில் இருக்கலாகும் சிலிக்காவின் அளவு கன மீட்டருக்கு 50 மைக்ரோகிராம்தான். தரையிலும் தலைமுடியிலும் வெள்ளையாகப் படிந்திருந்தால் அளவிட்டுப் பார்க்கவே தேவையில்லை. முக்கியமாக, வீட்டுக்குள் வைத்து உலர்ந்த நிலையில் சிங்க் துளை வெட்ட அனுமதிக்காதீர்கள்.

அக்ரிலிக் சாலிட் சர்ஃபேஸ் 1967-இல் டூபாண்ட் நிறுவனத்தின் கோரியன் மூலம் வந்தது. அலுமினியத் தாது தூளும் அக்ரிலிக்கும் கலந்தது. பிளாஸ்டிக்தான், ஒளிக்க ஒன்றுமில்லை. ஆனால் மேலிருந்து கீழ்வரை ஒரே பொருள் என்பதால் கீறலையும் லேசான தீக்காயத்தையும் தேய்த்தே போக்கலாம். மூட்டு தெரியாமல் ஒட்டலாம், கழற்றி வெட்டி வேறு அளவில் மறுபடி சேர்க்கவும் செய்யலாம். மருத்துவமனைக்கு இதை நான் தயங்காமல் சொல்வேன், அடுப்பு மேடைக்குச் சொல்ல மாட்டேன்.

காகிதப் பலகை, அதாவது காகிதத் தாள்களைப் பீனாலிக் பிசினில் நனைத்து அழுத்தியது, கல் போல இருக்கும், மரம் போல அறுபடும். மர வேலைக் கருவிகளே போதும். காலப்போக்கில் நிறம் கறுக்கும். மறுசுழற்சிக் காகிதமா புதிய காகிதமா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

லேமினேட்டை நாம் சாதாரணமாக 'மைக்கா' என்றுதான் சொல்கிறோம். அதில் மைக்கா கிடையாது. 1910-களில் மின்கருவிகளுக்குள் காப்பாக வைத்த மைக்கா தாதுவுக்கு மாற்றாகக் கண்டுபிடித்ததால் 'ஃபார் மைக்கா', அதாவது மைக்காவுக்குப் பதில், என்று ஃபார்மைக்காவுக்குப் பெயர் வந்தது. இதுவும் காகிதமும் பிசினும்தான். ஒரு மி.மீ.கூட இல்லாத தாள் என்பதால் பயன்படுத்தும் பொருள் மிகக் குறைவு. அந்த வகையில் கவனமாக வைத்துக்கொண்டால் மோசமான தேர்வில்லை. அதன் விதியை நிர்ணயிப்பது அடியில் இருக்கும் பலகை. பசையிலிருந்து காற்றில் கலக்கும் நச்சு வாயுவான ஃபார்மால்டிஹைடு குறைந்த இ1 அல்லது கார்ப் 2 தரப் பலகை, ஈரம் தாங்கும் வகை, நான்கு ஓரமும் அடைப்பு. சிங்க் துளையின் வெட்டு விளிம்பை வார்னிஷோ சிலிக்கோனோ பூசி மூடுவதற்குச் சில நிமிடம்தான் ஆகும். அதைச் செய்யாததால் குப்பைக்குப் போன மேடைகள் ஏராளம். 12 மி.மீ. கம்பாக்ட் லேமினேட்டுக்கு அடிப்பலகையே வேண்டாம், அந்தத் தொல்லையும் இல்லை.

மரமும் மூங்கிலும்

மரத்தை இருபது முறை தேய்த்துப் புதுப்பிக்கலாம், கடைசியில் வேறு மேசையாக்கலாம். காட்டைப் பொறுப்பாகப் பராமரித்து வெட்டிய மரம் என்பதற்கான எஃப்.எஸ்.சி. அல்லது பி.இ.எஃப்.சி. சான்று, இல்லையென்றால் பழைய கட்டடத்தின் உத்தரங்களிலிருந்து அறுத்தது. இரண்டில் எனக்குப் பின்னது பிடிக்கும். அந்த மரம் காய்ந்து சுருங்க வேண்டியதில் பெரும்பகுதி முன்பே முடிந்திருக்கும். ஆனால் பழைய ஆணிகளை எடுக்கும் கூலியையும், பழைய பெயிண்டில் ஈயம் இருக்கக்கூடும் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

மரம் பருவத்துக்கு ஏற்ப அகலத்தில் விரிந்து சுருங்கும். கீழிருந்து திருகும் துளைகளை நீள்வட்டமாக விடாவிட்டால் பலகை வெடிக்கும். ஓக் போன்ற, டேனின் என்ற துவர்ப்புப் பொருள் மிகுந்த மரத்தில் ஈரமான இரும்புப் பாத்திரம் ஓரிரவு இருந்தால் கறுப்பு வளையம் நிச்சயம். எண்ணெய் பூசுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: ஆளி விதை எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டிப் போட்டால் அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கலாம். விரித்துக் காயவையுங்கள், அல்லது தண்ணீரில் போட்டு மூடுங்கள்.

மூங்கில் புல் வகை, சில ஆண்டுகளிலேயே வெட்டலாம், மறுபடி முளைக்கும். விளம்பரங்கள் அங்கேயே நின்றுவிடும். மேடைப் பலகையோ நூற்றுக்கணக்கான கீற்றுகளின் ஒட்டு. எந்தப் பசை, எவ்வளவு ஃபார்மால்டிஹைடு என்று தெரியாத மூங்கில் பலகையைவிட, பக்கத்துத் தோட்டத்து மரமே மேல்.

படி 5: சான்றிதழைப் படிக்கும் விதம்

உற்பத்தியாளரிடம் இ.பி.டி. எனப்படும் சுற்றுச்சூழல் அறிக்கையைக் கேளுங்கள். ஐ.எஸ்.ஓ. 14025 முறைப்படி வெளியாகும் இது பாராட்டுப் பத்திரம் இல்லை. உணவுப் பொட்டலத்தின் பின்னால் இருக்கும் சத்துப் பட்டியல் மாதிரிதான். சர்க்கரை அதிகம் என்றாலும் அதிலேயே எழுதியிருக்கும். அதில் ஏ1 முதல் ஏ3 வரை கச்சாப்பொருளும் உற்பத்தியும், ஏ4 போக்குவரத்து, பி பயன்பாட்டுக் காலம், சி கழிவாகும் கட்டம். பலர் ஏ1–ஏ3 எண்ணை மட்டும் காட்டிப் பேசுவார்கள். இரண்டு பொருளை ஒப்பிடும்போது தடிமன் ஒன்றுதானா என்று பாருங்கள்: 12 மி.மீ. பலகையின் எண்ணை 30 மி.மீ. பலகையோடு வைத்து வெற்றி கொண்டாடுவது பழைய தந்திரம். அறிக்கை பொதுவாக ஐந்து ஆண்டுக்குத்தான் செல்லும், தேதியையும் பார்த்துவிடுங்கள்.

'மறுசுழற்சி 70 சதவீதம்' என்றால் அது மக்கள் பயன்படுத்தி எறிந்ததா, ஆலைகளின் மிச்சமா என்று கேட்க வேண்டும். ஒரு ஆலை தன் சொந்தத் தூளையே அதே கலவையில் திரும்பப் போடுவது ஐ.எஸ்.ஓ. 14021-இன்படி மறுசுழற்சிக் கணக்கில் வராது. காற்றின் தரத்துக்கு கிரீன்கார்ட் (Greenguard) கோல்டு, இயற்கைக் கல் குவாரிகளுக்கு ஏ.என்.எஸ்.ஐ. 373, உணவு தொடும் பரப்புக்கு என்.எஸ்.எஃப். 51. ஒன்றுக்கான சான்றைக் காட்டி இன்னொன்றுக்கு நம்பச் சொன்னால் நம்பாதீர்கள்.

படி 6: மாதிரித் துண்டைச் சோதியுங்கள்

துண்டை வீட்டுக்கு எடுத்து வந்து பாதியை டேப் ஒட்டி மூடுங்கள். மறுபாதியில் எலுமிச்சைச் சாறு, காபி, எண்ணெய், பேனா மை ஆகியவற்றை ஒவ்வொரு சொட்டு வைத்து ஒரு இரவு விடுங்கள். காலையில் நீங்கள் வழக்கமாகப் பயன்படுத்தும் சோப்பால் மட்டும் கழுவி, டேப்பை எடுத்து இரண்டு பாதியையும் சாய்வான வெளிச்சத்தில் பாருங்கள். தண்ணீர்ச் சொட்டு பத்து நிமிடத்தில் கறையாக இருண்டால் அந்தக் கல் உறிஞ்சுகிறது, சீலர் வேண்டும்.

இரண்டு ஏமாற்று வேலைகளையும் இங்கேயே பிடித்துவிடலாம். 'குவார்ட்சைட்' என்ற கடினமான இயற்கைக் கல்லாக விற்பது நிஜமாகவே குவார்ட்சைட் என்றால் அதன் முனை கண்ணாடியைக் கீறும். கீறவில்லை, எலுமிச்சையில் மங்கவும் செய்கிறது என்றால் அது மார்பிளின் உறவுக்காரர். கறுப்புக் கல்லை அசிட்டோன் தோய்த்த வெள்ளைத் துணியால் துடையுங்கள். துணி கறுத்தால் கல்லுக்குச் சாயம் ஏற்றியிருக்கிறார்கள்.

படி 7: அளவில் மிச்சம் பிடியுங்கள்

பொருளைப் பற்றி மாதக்கணக்கில் யோசிக்கிற பலர் வரைபடத்தில் ஐந்து செ.மீ. கூட்டி மொத்தத்தையும் இழக்கிறார்கள். குவார்ட்ஸ் ஸ்லாப் அதிகமாக வரும் அளவு சுமார் 3.2 மீட்டருக்கு 1.6 மீட்டர். 65 செ.மீ. அகல மேடை என்றால் ஒரு ஸ்லாபில் இரண்டு பட்டை கிடைத்து, பின்சுவர் பட்டைக்கும் கொஞ்சம் மிஞ்சும். அதையே 85 செ.மீ. ஆக்கினால் ஒரு பட்டைதான், மீதி குப்பை. வரையும் முன்பே ஸ்லாபின் அளவைக் கேளுங்கள். அறுப்பதற்கு முன் வெட்டு வரைபடத்தைக் காட்டச் சொல்லுங்கள். மூட்டு விழும் இடம் உங்களுக்குச் சம்மதம் என்றால் ஒரு முழு ஸ்லாபே மிச்சமாகலாம்.

தடிமனான தோற்றம் வேண்டும் என்றால் 20 மி.மீ. கல்லின் முன் விளிம்பை 45 டிகிரியில் அறுத்து, கீழ்நோக்கி ஒரு பட்டையை ஒட்டலாம். 30 மி.மீ. வாங்கினால் கல்லும் எடையும் ஒன்றரை மடங்கு. சிறிய வேலைகளுக்கு முழு ஸ்லாப் வாங்கவே வேண்டாம். பட்டறையின் பின்பக்கம் சாய்த்து வைத்திருக்கும் வெட்டுத் துண்டுகளில் வாஷ்பேசின் மேடையும் காபி கவுண்டரும் எப்போதும் கிடைக்கும், விலையும் குறையும்.

படி 8: கழற்றும்படி பொருத்துங்கள்

அடியில் பசையைக் கொட்டிப் பரப்பினால் பிறகு கல்லை உடைத்துத்தான் எடுக்க வேண்டும். கனமான கல் தன் எடையிலேயே உட்காரும். ஆங்காங்கே சிலிக்கோன் பொட்டு போதும், தேவைப்பட்டால் மெல்லிய கத்தியால் அறுத்துவிடலாம். மரத்துக்கும் கம்பாக்ட் லேமினேட்டுக்கும் திருகாணி, கிளிப். அடுப்புக்கும் சிங்குக்கும் வெட்டும் துளையின் உள்மூலைகளை வளைவாக விடச் சொல்லுங்கள். விரிசல் எப்போதும் கூர்மூலையில்தான் தொடங்கும். அலமாரி எடையைத் தாங்குமா என்று முன்கூட்டியே பார்த்துவிடுங்கள், கான்கிரீட் என்றால் கண்டிப்பாக.

படி 9: பொருத்திய பிறகு

மிதமான சோப்பும் ஈரத்துணியும்தான் எல்லாப் பரப்புக்கும் பொதுவான பராமரிப்பு. மார்பிளுக்கும் சிமெண்ட் பிடித்த பரப்புக்கும் வினிகர் கூடாது. ஸ்டீலுக்குக் குளோரின் ப்ளீச் ஊற்றி அப்படியே விடக் கூடாது, புள்ளிப் புள்ளியாக அரிக்கும். சீலரைக் காலண்டர் பார்த்து அடிக்க வேண்டாம். தண்ணீர்ச் சொட்டு இருளும்போது அடித்தால் போதும். ஃபுளோரின் சேர்ந்த சீலர்களைத் தவிர்க்க நினைப்பவர்கள் வாங்கும் முன் லேபிளையும் பாதுகாப்புத் தாளையும் படித்துவிடுங்கள்.

கடைசியாக ஒரு சின்ன வேலை. சிங்குக்காக வெட்டி எடுத்த துண்டைப் பட்டறையிலேயே விட்டுவிடாமல் கேட்டு வாங்கி வையுங்கள். புதிய கிளீனரோ சீலரோ எது வந்தாலும் முதலில் அதில் போட்டுப் பார்க்கலாம். பிறகு ஒரு காகிதத்தில் பொருளின் பெயர், தடிமன், ஸ்லாப் எண், அடித்த சீலர், தேதி, கிளிப்கள் இருக்கும் இடம் எல்லாவற்றையும் எழுதி, சிங்க் அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டிவிடுங்கள். பிற்காலத்தில் அந்த மேடையைக் கழற்ற வருபவர் சுத்தியலை எடுப்பதற்கு முன் அதைப் படிப்பார்.